ஊசி கேட்ட மன்னிப்பு

நவம்பர் 4, திங்கள்

பேத்தி மேகலா இந்த நோட்டைக் கொடுத்து, "ஆயா, தேதி போட்டு எழுது. ஒரு நாள்கூட விடாத" என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்விட்டாள். மீன் படிப்பில் கடைசி வருஷம். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். என் எழுத்தைப் பார்த்து அவளுடைய டீச்சர் சிரித்தால் சிரிக்கட்டும். கொளத்தூரில் முப்பது வருஷமாக பைட்டர் மீன் வளர்க்கிற பச்சையம்மாள் யார் என்று எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

மாடிக் கொட்டகையில் ஆறு ஜாடிகளைத் தனியாக எடுத்து வைத்தேன். ஜாடிக்கு ஒரு ஆண். முதல் மூன்று ஜாடிக்குச் சிவப்பு மூடி டப்பாவில் இருக்கும் தீனி. அடுத்த மூன்றுக்கு நீல மூடி டப்பா. ஏதோ ஒன்றில் மருந்து கலந்திருக்கிறாள். எதில் என்று சொல்லமாட்டாளாம். சொன்னால் என் கண் அதற்கேற்ற மாதிரிப் பார்க்குமாம். என் கண்ணைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்.

தினமும் காலையில் ஒரு பெட்டையைப் பாட்டிலில் விட்டு ஜாடிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். ஆண் எத்தனை தடவை செவுளை விரித்து, வாலை விசிறி ஆட்டம் காட்டுகிறான், தண்ணீர்மேல் நுரைக்கூடு கட்டுகிறானா என்று எழுத வேண்டும். இன்று ஆறு பேரும் ஆடினார்கள். அதிகம் ஆடியது ஐந்தாம் ஜாடி, பத்தொன்பது தடவை. கருநீலம், வாலில் சிவப்பு. திமிர் பிடித்தவன்.

சாயங்காலம் மகன் தணிகாசலம் ஆட்டோவில் ஒரு ஆளைக் கூட்டிவந்து முன்னறையில் உட்கார வைத்தான். அதை எழுத இன்றைக்கு மனசில்லை.

நவம்பர் 6, புதன்

வந்த ஆள் கோதண்டம். தணிகாசலத்தின் அப்பன். எனக்குத் தாலி கட்டியவன்.

பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தான். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகைக் குஞ்சம். 1986, ஆவணி இரண்டாவது வியாழக்கிழமை. "அரக்கோணத்துல கல்யாணம், சனிக்கிழமை வந்துடறேன்" என்று கிளம்பினான். நாலு வயசுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய வீடு. அம்மா இறங்கியிருக்கிற வீட்டைவிட்டு எவனும் வெளியூர் போகமாட்டான். இவன் கோட்டில் படாமல் வேப்பிலையை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு போனான். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கும் வரவில்லை. அரக்கோணத்தில் கம்சலா என்று ஒருத்தி. முப்பத்தேழு வருஷம் அவளோடு இருந்தான். போன வருஷம் அவள் செத்துப்போனாள். இவனுக்கு ஆண்களுக்கு மட்டும் வருகிற ஏதோ புற்று. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் நம்பர் கேட்டதற்கு என் பிள்ளையின் நம்பரைக் கொடுத்திருக்கிறான். எங்கே பிடித்தானோ.

தணிகாசலம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "ம்மா, நீ இன்னா சொல்றியோ அதான். வேணாம்னா திருவள்ளூர் பக்கம் ஒரு காப்பகத்துல எடம் சொல்லி வெச்சிருக்கேன். பொங்கலுக்குள்ள சொல்லு."

என்னைக் கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நீ சொல்வதுதான் என்கிறான்.

மீன்: எல்லாம் ஆட்டம். ஐந்தாம் ஜாடி பதினெட்டு தடவை.

நவம்பர் 9, சனி

எழுபத்திரண்டு வயசில் மீசைக்கு மை பூசிக்கொள்கிறான். கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம். எதிர்வீட்டு சாரதா கோலம் போட வந்தால் பழைய கல்யாணப் பாட்டை விசிலடிக்கிறான். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

காப்பியைக் குடித்துவிட்டு, "பச்சே, உன் கை காப்பி மாதிரி அரக்கோணத்துல கெடைக்கல" என்றான்.

"முப்பத்தெட்டு வருஷமா தேடினியா?" என்றேன்.

கெக்கெக்கே என்று சிரித்தான். போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்து ஐந்து நாளாகிறது. ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று முதல் ஊசி. வயிற்றில் போடுகிறார்கள். தணிகாசலத்துக்கு வேலை என்பதால் நான் கூடப் போக வேண்டியதாயிற்று. டாக்டர் சின்னப் பெண். "ஆண் ஹார்மோன்தான் பாட்டி இந்தப் புத்துக்கு சாப்பாடு. அந்த சாப்பாட்ட நிறுத்தறதுக்கு இந்த ஊசி. மாசம் ஒண்ணு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உடம்பு தளரும், சூடு பொங்கும், மனசு மெலியும், பழைய ஆசையெல்லாம் போய்விடும், நீங்கள்தான் அனுசரிக்க வேண்டும் என்றாள்.

நான்தான் அனுசரிக்க வேண்டுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

நவம்பர் 13

முட்டி வலி. தண்ணீர் மாற்றினேன். எண்ணினேன். வேறொன்றுமில்லை.

நவம்பர் 20, புதன்

நீல மூடிக்காரர்கள் குறைகிறார்கள். நாலாம் ஜாடி ஏழு தடவை, ஐந்தாம் ஜாடி எட்டு, ஆறாம் ஜாடி மூன்று. சிவப்பு மூடிக்காரர்கள் அப்படியே இருக்கிறார்கள். மருந்து எதில் என்று சொல்லமாட்டாளாமே, இந்தப் பொடிசு. எனக்கு ஒரு வாரமாகத் தெரியும்.

மீன் தீனிக்கு உயிர்ப்புழு விற்கிற புழுக்காரன் இன்று செத்த புழுவைக் கொடுத்துவிட்டுப் போனான். 2003-லும் இவன் அப்பன் இதையே செய்தான்.

நவம்பர் 28, வியாழன்

சோறு தின்னும்போது அந்த ஆளின் முகம் திடீரென்று சிவந்து வேர்வை கொட்டியது. சட்டையைக் கழற்றி எறிந்தான். "எரியுது பச்சே, உள்ளேருந்து எரியுது" என்றான்.

எனக்கு நாற்பத்தாறு வயசில் தீட்டு நின்றபோது வந்தது அது. இரண்டு வருஷம். தெருக்குழாயில் குடம் தூக்கிக்கொண்டு வரும்போது வரும். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பேன். விசிறிவிட ஆளில்லை. "இப்ப தெரியுதா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. பாவம் போலப் பார்த்தான்.

மேஜை ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ரொம்ப நேரமாக என் பக்கம் ஓடி எனக்குக் குளிரெடுத்தது, அதனால்தான்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஐந்தாம் ஜாடிக்காரன் அடியில் போய்க் கிடக்கிறான். பெட்டையைக் காட்டினால் ஒரு தடவை பார்க்கிறான், அவ்வளவுதான். நிறம் அதே நிறம். வால் அதே வால். செவுள் விரிக்கவில்லை. நுரை இல்லை. நாலாமவன் மட்டும் தினமும் ஒரே ஒரு தடவை விரிக்கிறான். அதுவும் பெட்டைக்கு இல்லை, நான் குனியும்போது எனக்கு. இது என்ன கணக்கில் சேரும் என்று மேகலாவைக் கேட்க வேண்டும்.

அந்த ஆள் மீசைக்கு மை பூசி மூன்று நாளாகிறது. வேர் வெள்ளையாகத் தெரிகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த ஆள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தண்டையும் இலையையும் பிரித்துப் போட்டான். அப்புறம் சொன்னான்: "வேப்பெலய ஒதுக்கிக்கினு போனேன் பச்சே. புள்ள அனத்தினது காதுல வுழுந்துச்சு. கேட்டுக்கினேதான் போனேன். நான் செஞ்சது பாவம். என்ன மன்னிச்சிடு."

சொல்லிவிட்டு அழுதான். சின்னப்பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதான்.

இதைக் கேட்கத்தான் முப்பத்தெட்டு வருஷமாக நான் உயிரோடு இருக்கிறேனோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கீரையை அலசப் போய்விட்டேன்.

டிசம்பர் 10

இரண்டாவது ஊசி. தணிகாசலம் கூட்டிப்போனான்.

டிசம்பர் 15, ஞாயிறு

மேகலா வந்தாள். நோட்டைப் புரட்டினாள். மீன் கணக்கை மட்டும் பார்க்கச் சொன்னேன், எல்லாவற்றையும் படித்துவிட்டாள். என் ரத்தம்தானே.

"ஆயா, தாத்தா மன்னிப்பு கேட்டாராமே. நீ ஒண்ணும் சொல்லலியா?"

"யாருகிட்ட சொல்றது? கேட்டது அந்த ஆளா, ஊசியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை. வந்த முதல் வாரம் முழுக்கத் தெம்பாக இருந்தானே, அப்போது ஏன் வாய் வரவில்லை? விசிலடிக்கத்தானே வாய் வந்தது. ஊசி உள்ளே போனது, கண்ணீர் வெளியே வந்தது. ஐந்தாம் ஜாடிக்காரன் இப்போது எவளையும் துரத்தவில்லை. அதற்காக அவனை நல்லவன் என்று சொல்ல முடியுமா?

அந்த மருந்து என்ன செய்கிறது என்று கேட்டேன். "பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல ஆயா, அந்த மாதிரி. ஹார்மோன் வந்து உக்கார வேண்டிய எடத்துல மருந்து முன்னாடியே போய் உக்காந்துக்கும். ஹார்மோன் நின்னு பாத்துட்டுப் போயிடும். அப்புறம் ஆட்டமும் இல்ல, கூடும் இல்ல."

"தாத்தாவுக்கும் அதானா?"

"தாத்தாவுக்கு ஹார்மோனே பஸ் ஸ்டாண்டுக்கு வராது."

அவள் கிளம்பும்போது தணிகாசலம் நினைவுபடுத்தினான், பொங்கலுக்கு ஒரு மாசம்தான் இருக்கிறது என்று. காப்பகத்தில் கேட்கிறார்களாம்.

டிசம்பர் 19, வியாழன்

ஒரு தப்பு செய்தேன். மறைக்கமாட்டேன், எழுதிவிடுகிறேன்.

ஐந்தாமவன் அப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் தொழிலில் மந்தமான ஆணுக்கு ஒரு வைத்தியம் உண்டு. முட்டை நிறைந்து வயிறு பருத்த பெட்டை இருக்கும் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து ஆண் ஜாடியில் ஊற்றுவோம். பெட்டையை அவன் பார்க்க வேண்டியதுகூட இல்லை. அந்தத் தண்ணீரின் வாசனையே போதும், சாயங்காலத்துக்குள் நுரை கட்ட ஆரம்பித்துவிடுவான். நீல மூடிக்காரர்களுக்கு வெளித்தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மேகலா சொல்லியிருந்தாள்தான். கை கேட்கவில்லை. ஒரு டம்ளர் ஊற்றினேன். ஒரு வாதாம் இலையும் போட்டேன்.

நாலு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மேலே வந்திருந்தான். இலைக்கு அடியில் ஏழெட்டுக் குமிழி. வாயில் காற்றை எடுத்து இன்னொன்று விட்டான். அப்புறம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்தவன் மாதிரி நின்றான். குமிழி ஒவ்வொன்றாக உடைந்தது. கீழே போய்விட்டான்.

கீழே வந்தேன். அந்த ஆள் கிளாரினெட்டைத் துடைத்து வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊதவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மேகலா கத்தினாள். "ஆயா, ஆறு வாரக் கணக்கு! அஞ்சாம் நம்பரையே எடுத்துடணும் இப்ப. மூணுல ஒண்ணு போச்சுன்னா மிச்சம் இன்னா கீது? எதுக்கு ஊத்தின?"

"பாவமா இருந்துச்சு."

"மீனுக்கா?"

"வேற யாருக்கு?"

என்னையே பார்த்தாள். பிறகு புதிதாக ஒரு ஆணைத் தேர்ந்தெடுத்து நீல மூடியில் ஆரம்பித்தாள். ஐந்தாமவன் ஜாடியைக் கணக்கில் இல்லாத ஜாடிகளோடு வைத்து நல்ல தீனி போடச் சொன்னாள். மருந்து நின்றால் மெல்ல மெல்லத் திரும்பிவிடுவானாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

சிவப்பு மூடிக்காரர்களை இன்று ஜோடி சேர்த்தோம். தனித்தனி பேசின், பாதி தெர்மாகோல் கப் மிதக்கவிட்டு, அதன் அடியில் நுரைக்கூடு. பெட்டையைத் திறந்துவிட்டோம்.

ஒன்றாமவன் பெட்டையின் வாலைக் கிழித்தான். செதில் பறந்தது. வலையைப் போட்டு அவளை எடுத்து உப்புத் தண்ணீரில் விட்டேன். இரண்டாமவன் துரத்தினான், கொத்தினான், அப்புறம் உடம்பால் வளைத்துப் பிடித்து அவளை முட்டை விட வைத்தான். வழக்கம்தான். மூன்றாமவன் கொத்தவே இல்லை. கூட்டுக்கு அடியில் ஆடுவான். பாதி தூரம் போய் அவளைப் பார்ப்பான். அவள் வரவில்லை என்றால் திரும்பிவந்து இன்னும் நாலு குமிழி கட்டுவான். மதியத்துக்கு மேல் அவளாக வந்தாள்.

"மூணும் ஒரே தாய் புள்ள, ஆயா" என்றாள் மேகலா. "ஒரே தீனி, ஒரே தண்ணி. ஹார்மோன் பாத்தா ஒண்ணுக்கும் மூணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது."

அந்த வார்த்தை என் மனசைவிட்டுப் போகவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் அதுவே.

ஜனவரி 5, ஞாயிறு

மேகலாவும் நானும் கொட்டகையில் குஞ்சுகளுக்குத் தீனி வைத்தோம். அவளாக ஆரம்பித்தாள்.

"ஆயா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே. மன்னிப்பு கேட்டது ஊசின்னு சொல்ற. அப்ப அன்னிக்கு வேப்பெலய ஒதுக்கிக்கினு போனது? அது ஹார்மோன்னு சொல்லலாமா?"

கையிலிருந்த கரண்டியைப் போட்டேன். "இன்னாடி சொன்ன?"

"கேக்கறேன்."

"அவன் போனதுக்கு ஹார்மோனா? அந்தத் தெருவுல இருந்த அத்தனை ஆம்பளைக்கும் அதே ஹார்மோன்தான். அப்ப எதிர்வூட்ல இருந்த முனுசாமிக்கு இல்லியா? அவன் பொண்டாட்டிக்கு அம்மை போட்டப்ப பத்து நாளு வேலைக்கே போகல. மூணாவது ஜாடிக்காரனுக்கு இல்லியா? ஹார்மோன் மேல பழியப் போட்டுட்டு அந்த ஆளு தப்பிச்சிக்கலாம்னு பாக்கறானா? அவன் சொன்னானா உங்கிட்ட?"

"தாத்தா ஒண்ணும் சொல்லல. நான்தான்."

"போனது அவன். அவன் காலு. அவன் வெரலு. முப்பத்தெட்டு வருஷமா அவன் மேலதான் வெச்சிருக்கேன், எதுக்கும் வுட்டுக்குடுக்க மாட்டேன்."

மேகலா குனிந்து தீனி போட்டுக்கொண்டே, "சரி ஆயா" என்றாள். அவள் சொல்லாமல் விட்டது எது என்று எனக்குத் தெரியும். பொடிசு.

ஜனவரி 7, செவ்வாய்

மூன்றாவது ஊசி. நான் கூடப் போனேன்.

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆள் சொன்னான்: "இந்த ஊசி வேணாம்னு சொல்லிடலாமா பச்சே? இதப் போட்டுக்கினதுலேருந்து நான் நானா இல்ல. கோதண்டம் எங்கியோ போயிட்டான். காப்பகத்துக்குப் போறவன் எவனா இருந்தா இன்னா."

"ஊசி வேணாம்னா இன்னா ஆவும்?"

"மீசைக்கு மை பூசிக்கினு செத்துப்போவேன்."

முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தேன். வந்ததிலிருந்து நான் அவனை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மார்பு பெண்பிள்ளைக்கு இருப்பதுபோலக் கொஞ்சம் ஊதியிருந்தது. சட்டையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டான். ஆனால் மீசையைப் பற்றிச் சொன்னபோது வாயின் ஒரு ஓரம் மேலே போனது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அடியில் ஊர்வலத்தையே நிறுத்திக் கிளாரினெட்டைத் தூக்கிப் பிடித்தபோது போன அதே ஓரம்.

ஊசி அதைத் தொடவில்லை.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். "போய்யா, போட்டுக்கினு வா" என்றேன். போனான்.

ஜனவரி 10, வெள்ளி

ஒன்றும் எழுத வரவில்லை. ஆளைப் போட்டு அடித்த மாதிரி அசதி. கோபத்தை இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததில் தோள் எப்படி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 13, திங்கள், போகி

தெருவெல்லாம் புகை. கொட்டகைக்குள் வராமல் கித்தானை இழுத்துக் கட்டினேன். மீன்களுக்கு ஆகாது.

கட்டிக்கொண்டிருக்கும்போது கணக்கு முடிந்துவிட்டது. மேகலா சொல்லாமல் விட்ட கணக்கு. போனது அவன்தான் என்று நான் நிற்கிறேன். அப்படியென்றால் அழுததும் அவன்தான். ஒன்றை அவன் தலையில் வைத்துவிட்டு இன்னொன்றை ஊசியின் தலையில் வைக்க முடியாது. அப்படி வைத்தால் நான் கள்ளத்தராசு பிடித்தவள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

கீழே இறங்கிவந்தேன். அந்த ஆள் முன்னறையில் பையைக் கட்டிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாளைக்குத் திருவள்ளூர் என்று அவனே முடிவு செய்துகொண்டிருக்கிறான். தணிகாசலம் வாசலில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான், நான் சொல்லப்போவதைக் கேட்காத மாதிரி.

"யோவ்" என்றேன். "அன்னிக்கு கீரை ஆயும்போது நீ சொன்னது. அத நான் கேட்டுக்கினேன்."

தலையைத் தூக்கினான். "மன்னிச்சிட்டியா பச்சே?"

"கேட்டுக்கினேன்னுதான் சொன்னேன். மேல நீயா எதுவும் சேத்துக்காத."

தணிகாசலம் போனைக் காதில் வைத்து, யாரிடமோ அந்த இடம் வேண்டாம் சார் என்று சொல்வது கேட்டது. நான் சொல்லச் சொல்லவே இல்லை. அப்பனைப் போலவே அவசரம்.

"அப்ப நான் இருக்கலாமா?" என்றான் அந்த ஆள்.

"இரு. என் கோவமும் இருக்கும். ரெண்டுக்கும் இந்த வூட்ல எடம் கீது."

சரி என்றான். அழவில்லை.